கடையும் வயலும் வைத்திருப்பவருக்கு: வருமான வரியும் மருத்துவக் காப்பீடும், படிப்படியாக

மாசி மாதம் பாதி கடந்துவிட்டால் போதும். கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் கணக்கு எழுதுகிறவர்களிடம் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: "அண்ணே, டாக்ஸ் குறைய ஒரு மெடிக்கல் இன்சூரன்ஸ் போட்டுடலாமா?"

போடுங்கள், கட்டாயம் போடுங்கள். ஆனால் வரி குறையும் என்று எண்ணிப் போடாதீர்கள். புதிய வரி முறையில் (படி 4-இல் விளக்கம்) அந்தப் பிரீமியம் ஒரு ரூபாய் வரியைக்கூடக் குறைக்காது. வரி வேறு கணக்கு, ஆஸ்பத்திரி வேறு கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாத பாலிசி ஒன்று வீட்டுக்கு வருகிறது, தேவையான பாலிசி வராமல் போகிறது.

சம்பளக்காரருக்கு இந்தத் தலைவலி குறைவு. ஆபீஸே வரியைப் பிடித்துவிடும், குழுக் காப்பீடும் கொடுத்துவிடும். பாத்திரக்கடை, தையல், போட்டோ ஸ்டூடியோ, மினி லாரி, கம்ப்யூட்டர் வேலை என்று சொந்தமாகப் பிழைப்பவர் இரண்டையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே சொல்லியிருக்கும் வரிக் கணக்குகள் 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கானவை.

படி 1: வரவை ஓரிடத்துக்குக் கொண்டுவருவது

மார்ச்சில் மஞ்சப்பை நிறைய பில்லும், விற்பனையைப் பென்சிலில் குறித்த தினக்காட்டித் தாள்களும் கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் தப்பில்லை, எதுவும் எழுதாமல் வருவதைவிட அது மேல். ஆனால் முதல் வேலை, தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும். மச்சான் திருப்பித் தந்த கைமாற்றும், சீட்டுப் பணமும், கடை வியாபாரமும் ஒரே சேமிப்புக் கணக்கில் விழுந்தால் எது வருமானம் என்று பிறகு நீங்களே நிரூபிக்க வேண்டியிருக்கும்.

வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணோடு நுழைந்தால் ஏஐஎஸ் என்றொரு அறிக்கை இருக்கும். வங்கி வட்டி, டிடிஎஸ் (பணம் தருகிறவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டிய வரி), பத்திரப்பதிவு, ஓராண்டில் சேமிப்புக் கணக்கில் 10 லட்சமோ அதற்கு மேலோ கட்டிய ரொக்கம் எல்லாம் அதில் வந்து நிற்கும். நடப்புக் கணக்கென்றால் அந்த வரம்பு 50 லட்சம். ரிட்டர்ன் போடும் முன் அதைத் திறந்து பாருங்கள். துறைக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ரொக்கத்தில் இன்னொரு எச்சரிக்கை. ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ ஒரே பில்லுக்கோ 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. கல்யாணச் சீர்வரிசைக்கு மொத்தமாகப் பாத்திரம் எடுக்கிறவர்கள் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம்.

படி 2: நீங்கள் எந்தப் பிரிவு

சிறு தொழில்காரர் முழுக் கணக்குப் புத்தகம் வைக்கத் தேவையில்லாதபடி, விற்றுமுதலில், அதாவது ஆண்டின் மொத்த விற்பனையில், குறிப்பிட்ட விழுக்காட்டை லாபமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது.

வியாபாரத்துக்கும் உற்பத்திக்கும் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு. விற்றுமுதல் 2 கோடி வரை, ரொக்க வரவு 5 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் 3 கோடி வரை. வங்கி, ஜிபே வழி வந்த விற்பனைக்குக் குறைந்தது 6 விழுக்காடு, ரொக்கத்துக்குக் குறைந்தது 8 விழுக்காடு லாபம். 60 லட்சம் விற்ற கடையில் 45 லட்சம் வங்கி வழி, 15 லட்சம் ரொக்கம் என்றால், 2,70,000 கூட்டல் 1,20,000, ஆக 3,90,000 ரூபாய். "குறைந்தது" என்பதைக் கவனியுங்கள். உண்மையில் 9 லட்சம் லாபம் வந்திருந்தால் 9 லட்சம்தான் காட்ட வேண்டும். 3,90,000 காட்டிவிட்டு அதே ஆண்டில் மனை வாங்கினால், பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும்.

டாக்டர், வக்கீல், இன்ஜினீயர், கணக்காளர், கட்டட வடிவமைப்பாளர், ஐடி வேலை போன்ற தொழில்முறையாளர்களுக்கு 44ஏடிஏ. வரவு 50 லட்சம் வரை, ரொக்கம் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் 75 லட்சம் வரை. அதில் பாதி லாபம். தஞ்சாவூர் வீட்டிலிருந்தே சென்னை நிறுவனத்துக்கு சாஃப்ட்வேர் வேலை செய்து 18 லட்சம் வாங்குகிற பையனுக்கு வருமானம் 9 லட்சமாகக் கணக்காகலாம். அவனிடம் 10 விழுக்காடு டிடிஎஸ், அதாவது 1,80,000 ரூபாய் பிடித்திருப்பார்கள். ரிட்டர்ன் போட்டால் அது முழுவதும் திரும்பி வரும், போடாவிட்டால் போனது போனதுதான். பிரீமியம் கட்டப் பணமில்லை என்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த ரீஃபண்டைத்தான்.

லாரி, மினி லாரி பத்து வண்டிக்குள் இருந்தால் 44ஏஇ. சின்ன வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய், 12 டன்னைத் தாண்டிய கனரக வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று கணக்கு.

கமிஷன் தொழில் செய்பவர்களுக்கு 44ஏடி கிடையாது. நெல் தரகு, எல்ஐசி ஏஜென்சி, நிலத்தரகு எல்லாம் இதில் அடக்கம். இவர்கள் வரவு செலவைத் தனியாக எழுதித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, 44ஏடி-க்குள் வந்துவிட்டு ஐந்து ஆண்டுக்குள் வெளியே போனால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்ப நுழைய முடியாது. ஒரு வருஷம் நஷ்டம் என்பதற்காக அவசரப்பட்டு மாற வேண்டாம்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய வருமானத்துக்கு 44ஏடி, 44ஏடிஏ, 44ஏஇ மூன்றும் 58-ஆம் பிரிவுக்குள் போய்விடுகின்றன. ஆடிட்டர்கள் இன்னும் கொஞ்ச காலம் பழைய எண்ணைத்தான் சொல்வார்கள்.

படி 3: வயல் வருமானத்தை மறைக்காமல் எழுதுவது

டெல்டாவில் கடைக்காரர் பாதிப்பேருக்கு ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கும். "விவசாயத்துக்கு வரி இல்லையே, எதுக்கு எழுதணும்?" என்பார்கள். வரி இல்லை என்பது சரி. எழுத வேண்டாம் என்பது தப்பு. இரண்டு காரணம்.

முதலாவது படிவம். 44ஏடி-காரர் எல்லோரும் ஐடிஆர்-4 என்ற எளிய படிவத்தைப் போடுவார்கள். ஆனால் நிகர விவசாய வருமானம் ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் அந்தப் படிவம் செல்லாது, ஐடிஆர்-3 போட வேண்டும். 5,000 ரூபாய் என்பது இரண்டு மா (முக்கால் ஏக்கருக்கும் குறைவு) நிலத்திலேயே வந்துவிடக்கூடிய தொகை. பிரவுசிங் சென்டரில் இதைக் கேட்கவே மாட்டார்கள். நீங்கள் சொல்ல வேண்டும். ஐடிஆர்-3 பெரிய படிவம்தான், இருந்தாலும் 44ஏடி-காரர் அதில் முழு ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) நிரப்ப வேண்டியதில்லை. கணக்கு வைக்காதவர்களுக்கான பகுதியில் வர வேண்டிய கடன், கொடுக்க வேண்டிய கடன், சரக்கு, கையிருப்பு இவற்றை எழுதினால் போதும்.

இரண்டாவது, வரி விகிதம். கடை வருமானம் வரியில்லா வரம்பைத் தாண்டினால், வயல் வருமானத்தையும் கூட்டிப் பார்த்து விகிதத்தை முடிவு செய்வார்கள். மூன்று வேலி (சுமார் 20 ஏக்கர்) நிலமும் கடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடையில் 11 லட்சம், வயலில் செலவு போக 6 லட்சம். புதிய முறையில் 17 லட்சத்துக்கு வரி 1,40,000. வரியில்லா வரம்பான 4 லட்சத்தோடு 6 லட்சம் சேர்த்து, 10 லட்சத்துக்கு வரி 40,000. இதைக் கழித்தால் 1,00,000. வயலைச் சேர்க்காமல் 12 லட்சத்துக்குள் இருப்பவருக்குத் தரும் தள்ளுபடி 60,000 ரூபாய்தான். மீதி 40,000, அதற்கு 4 விழுக்காடு செஸ் (வரியின் மேல் கூடுதல் வரி), மொத்தம் 41,600 ரூபாய். "12 லட்சம் வரை வரியே இல்லை" என்று டிவியில் கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவருக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், வயல் சின்னதாக இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. கடை 9 லட்சம், வயல் 1 லட்சம் என்றால் கணக்கில் 35,000 வரும், தள்ளுபடியில் அது முழுவதும் போய்விடும்.

எது விவசாய வருமானம்? நெல், உளுந்து, பருத்தி, தென்னை, வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் சேரும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வாங்கும் நெல்லோ பணமோ சேரும். கோயில் நிலத்தையோ ஆதீன நிலத்தையோ குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவருக்கும் அது விவசாய வருமானமே. இறால் பண்ணை, கோழி, பால் மாடு சேராது. ஊரார் நெல்லை வாங்கி அரைத்து விற்பதும் சேராது, அது வியாபாரம்.

அத்தாட்சிக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தந்த ரசீது, பணம் வந்த பாஸ்புக் பக்கம், சிட்டா, அடங்கல் போதும். உழவுக் கூலி, நடவு, அறுவடை மிஷின் வாடகை, உரம் இவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நிகர விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் படிவத்தில் நிலம் எங்கே, எவ்வளவு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று கேட்பார்கள். அளவை ஏக்கரில் கேட்பார்கள், மாவில் அல்ல. மூன்று மா ஒரு ஏக்கர், ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாவற்றையும் படமெடுத்து இணையத்தில் ஏற்றிவையுங்கள். 2018 கஜா புயலில் ஓட்டோடு சேர்ந்து பீரோவும் நனைந்த வீடுகள் வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் எத்தனையோ.

படி 4: புதிய முறையா, பழைய முறையா

புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 விழுக்காடு. 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடியில் வரி பூஜ்யம். பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி உதவாது. சம்பளக்காரருக்கான 75,000 நிலைக் கழிவும் நமக்கு இல்லை.

பழைய முறையில்தான் 80டி, அதாவது மருத்துவக் காப்பீட்டுக் கழிவு இருக்கிறது. தனக்கும் மனைவி மக்களுக்கும் 25,000, பெற்றோருக்குத் தனியாக 25,000. அறுபது வயதைத் தாண்டியவர்கள் என்றால் அந்தந்தப் பங்கு 50,000. பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டியிருந்தால் கழிவு கிடையாது. காப்பீடே இல்லாத மூத்த பெற்றோருக்கு மருந்து, சிகிச்சைக்கு வங்கி வழியாகச் செலவழித்ததையும் 50,000 வரை காட்டலாம்.

இதற்காகப் பழைய முறைக்குப் போகலாமா? 15 லட்சம் வருமானத்துக்குப் புதிய முறையில் செஸ் நீங்கலாக 1,05,000 வரி. அதே தொகைக்குப் பழைய முறையில் இறங்கி வர 5,37,500 ரூபாய் கழிவு வேண்டும். எல்ஐசி, பிஎஃப் வகையில் 1.5 லட்சம், வீட்டுக்கடன் வட்டியில் 2 லட்சம், காப்பீட்டில் 75,000 என்று எல்லாம் வைத்தாலும் 4.25 லட்சம்தான். எட்டவில்லை. 12 லட்சத்துக்குள் இருப்பவருக்குப் புதிய முறைதான், யோசிக்கவே வேண்டாம்.

தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக 10-ஐஇஏ படிவத்தைக் கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். திரும்பப் புதிய முறைக்கு வரலாம், ஆனால் ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு தொழில் இருக்கும்வரை பழைய முறை இல்லை. சொந்தக் குடும்பத்தின் பிரீமியத்தைக் கடைச் செலவில் எழுதலாமா என்றும் கேட்பார்கள். கூடாது. வேலையாட்களுக்குக் கட்டும் காப்பீட்டை, 44ஏடி-யில் இல்லாமல் முழுக் கணக்குப் புத்தகம் வைப்பவர் செலவாகக் காட்டலாம்.

இதில் ஒரு நல்ல செய்தி: தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மீதிருந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. 80டி-யால் கிடைக்காத சலுகை இந்த வழியில் எல்லோருக்கும் கிடைத்திருக்கிறது.

படி 5: மார்ச் 15

ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தொட்டால் ஆண்டு முடியும் முன்பே அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். 44ஏடி, 44ஏடிஏ-காரருக்கு ஒரே தவணை, மார்ச் 15. மற்றவர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15 என்று நான்கு. மார்ச் 15 தவறினாலும் 31-க்குள் கட்டிவிடுங்கள், அதுவும் அட்வான்ஸ் டாக்ஸாகவே எடுத்துக்கொள்ளப்படும், சின்ன வட்டி மட்டும் வரும். ரிட்டர்ன் போட்ட பிறகு 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி-யால் சரிபார்க்க மறந்தால் போட்டதே கணக்கில் வராது.

நம் ஊரில் இது தோதான தேதி. சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வந்து, தை, மாசிக் கல்யாண வியாபாரமும் நடந்திருக்கும். காப்பீட்டுப் பிரீமியத்தையும் இந்தப் பருவத்துக்கே கொண்டுவாருங்கள். முதல் முறை பாலிசி எடுக்கும் தேதிதான் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தேதி, அதைத் தீர்மானிப்பது நீங்கள். பிப்ரவரியில் எடுங்கள். ஏஜென்ட் தன் டார்கெட்டுக்காக ஜூலையில் நெருக்குவார். ஆடியில் முகூர்த்தம் இல்லாமல் கல்லா காய்ந்திருக்கும்போது ஆண்டுதோறும் பிரீமியம் வந்து நின்றால் பாலிசி நின்றுபோவது அப்படித்தான்.

ஜிஎஸ்டி, தொழில் வரி: சுருக்கமாக

தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம் விற்றுமுதல் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் பொதுவாக வரம்பே இல்லை, பதிவு வேண்டும். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்தே சிறு கடைகளுக்கு நோட்டீஸ் போனது, படி 1-இல் தனிக் கணக்கு என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சிக்கு அரையாண்டுத் தொழில் வரி. ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது. கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: அரசுக் காப்பீடு உங்களுக்கு உண்டா

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் உள்ள மையத்தில் பதியலாம். வங்கிக் கடனுக்காக 6 லட்சம் வருமானம் என்று ரிட்டர்ன் போட்டுவிட்டு, இங்கே 72,000 என்று சான்று வாங்குவது வேண்டாம். இரண்டிலும் ஒரே ஆதார்தான்.

விபத்தென்றால் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வருமானம் பார்க்காமல் கிடைக்கும். ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தை வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

படி 7: தனியார் பாலிசி வாங்குவது

விளம்பரத்தைப் பார்த்துத் தொடங்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலி என்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவீர்கள்? திருவாரூரிலோ கும்பகோணத்திலோ ஒன்று, பெரிய வைத்தியத்துக்குத் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஒன்று இருக்கும். அந்தப் பெயர்களை எழுதி, அவை எந்த நிறுவனத்தின் ரொக்கமில்லாச் சிகிச்சைப் பட்டியலில் இருக்கின்றன என்று பாருங்கள். ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுன்டரிலேயே கேட்டால் எந்தக் கம்பெனி இழுத்தடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுவார்கள். பட்டியலில் இல்லாவிட்டால் நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டியிருக்கும். அந்த "முதலில்" என்பது இங்கே பெரும்பாலும் நகை அடகுதான்.

அடுத்தது அறை வாடகை. பலரும் படிக்காமல் விடுவது இதைத்தான். 5 லட்சம் பாலிசியில் அறை வாடகை 1 விழுக்காடு என்று இருந்தால் நாளுக்கு 5,000. நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுத்தால், கூடுதல் 3,000 மட்டும் உங்கள் பாடு என்று நினைப்பீர்கள். இல்லை. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் போன்றவற்றையும் எட்டில் ஐந்து பங்காக வெட்டுவார்கள். அவை 1,60,000 என்றால் கிடைப்பது 1,00,000. மருந்துக்கும் உள்ளே வைக்கும் கருவிகளுக்கும் இந்த வெட்டு கிடையாது. அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசிக்குக் கொஞ்சம் அதிகம் கட்டினாலும் பரவாயில்லை. முடியாவிட்டால் சேரும்போதே வரம்புக்குள் உள்ள அறையைக் கேளுங்கள்.

பெரிய தொகைக்கு ஒரே பாலிசி கட்டுப்படியாகவில்லை என்றால், 5 லட்சம் அடிப்படைப் பாலிசி, அதற்கு மேல் 5 லட்சத்தைத் தாண்டிய செலவுக்கு மட்டும் தரும் சூப்பர் டாப்-அப் என்று எடுக்கலாம். விலை மலிவாகவே முடியும். பெற்றோரைக் குடும்ப ஃப்ளோட்டரில் (குடும்பம் முழுவதற்கும் ஒரே தொகையைப் பகிரும் பாலிசி) சேர்க்காதீர்கள். மூத்தவரின் வயதை வைத்து எல்லோருக்கும் பிரீமியம் ஏறும். தனிப் பாலிசி எடுங்கள்.

விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் நீங்கள் படித்துக் கையெழுத்துப் போடுங்கள். "சுகர் எல்லாம் எழுத வேண்டாம் சார், பிரீமியம் ஏறிடும்" என்பவரிடம் வாங்க வேண்டாம். ஏற்கனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருந்தால் போதும், மறைத்தால் மொத்தப் பாலிசியும் ரத்தாகலாம். 60 மாதம் தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடியை நிரூபித்தால் ஒழிய, சொல்லவில்லை என்ற காரணத்துக்காக மறுக்க முடியாது. புதுப் பாலிசியில் முதல் 30 நாள் விபத்துக்கு மட்டும்தான் பணம். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனிக் காத்திருப்புக் காலம் இருக்கும். கையில் வந்த பாலிசி பிடிக்கவில்லையா, 30 நாளுக்குள் திருப்பிவிடலாம்.

ஆண்டுப் பிரீமியத்துக்குக் கெடு தாண்டி 30 நாள் சலுகை உண்டு. வேறு கம்பெனிக்கு மாற நினைத்தால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பித்தால் முடித்த காத்திருப்புக் காலம் வீணாகாது. பிப்ரவரி பாலிசி என்றால் பொங்கலுக்கு முன்பே யோசித்துவிடுங்கள்.

படி 8: பணம் கேட்கும்போதும், மறுக்கும்போதும்

திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே ஆஸ்பத்திரி மூலம் ஒப்புதல் கேளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதிப்படி, சேரும்போது ஒப்புதலை ஒரு மணி நேரத்திலும், வீட்டுக்குப் போகும்போது இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்திலும் கம்பெனி தர வேண்டும். கவுன்டரில் "நாளைக்கு வாங்க" என்றால் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில், டாக்டர் சீட்டு, டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு போய்க் கேட்டால் அலையவிடுவார்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 155255 எண்ணிலோ பீமா பரோசா என்ற இணையப் புகார்த் தளத்திலோ பதிவு செய்யுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மறுப்புக் கடிதம் வந்த கவரைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள், அஞ்சல் முத்திரையில் தேதி இருக்கும்.